பால்கனிக் கயிறும் கார்ன் டாக்கும்

இரண்டு வருடங்களுக்கு முன், யாங்கூனில் தின்கன்ஜூன் பக்கம் நாங்கள் குடியிருக்கும் மூன்றாம் மாடி வீட்டில் நடந்தது இது. அன்று சாயங்காலம் டி.வி.யில் எங்கள் மியான்மருக்கும் தாய்லாந்துக்கும் ஃபுட்பால் மேட்ச்.

மேட்ச் என்றால் என் வீட்டுக்காரருக்குக் கீழ்வீட்டு பாய் பக்கத்தில் இருந்தாக வேண்டும். பாயும் தமிழ் பேசுகிறவர், டீத்தூள் வியாபாரி. வருடக்கணக்காக ஒரே சோபாவில் உட்கார்ந்து கத்துகிற ஜோடிக்குள் அப்போது இரண்டு மாதமாகப் பேச்சில்லை. கரண்டு வருகிற கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மோட்டாரை யார் முதலில் போடுவது என்று சண்டை. இரண்டு பேரும் ஒன்றாகப் போட்டு, ஃபியூஸ் போய், வாய் வார்த்தை தடித்துவிட்டது. அன்றிலிருந்து இவர் உம்மென்று கிடந்தார். எனக்குப் பார்க்கவே பாவமாக இருந்தது.

சிங்கப்பூரில் இருக்கும் மகள் போனில், "அப்பாவுக்கு கார்ன் டாக் செஞ்சு குடும்மா, மேட்ச் பாக்கறப்போ ஜோரா இருக்கும்" என்றாள். சாசேஜைக் குச்சியில் செருகி, சோளமாவில் முக்கிப் பொரிக்க வேண்டுமாம். இதென்ன பிரமாதம் என்று இறங்கினேன். முதல் இரண்டிலும் மாவு கழன்று, சாசேஜ் அம்மணமாக எண்ணெயில் மிதந்தது! அப்புறம் ஈரத்தைத் துடைத்து, வெறும் மாவில் புரட்டி, உயரமான டம்ளரில் கரைத்து வைத்த மாவில் முக்கினேன். பொன்னிறமாக வந்தது. தொட்டுக்கொள்ள மயோனைஸில் மிளகாய் சாஸ், நசுக்கிய பூண்டு, கொஞ்சம் புளித்தண்ணீர்.

அடுப்படிக்கு வந்தவர் சாசேஜ் பாக்கெட்டை எடுத்துப் பார்த்தார். "ஹலால் கடைக்கு எதுக்குப் போன? அவன்தான் வரமாட்டானே" என்றார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. மேட்ச் நாள் என்றதும் கால் தானாக அந்தக் கடைக்குப் போயிருக்கிறது.

மேட்ச் ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான், கரண்டு போய்விட்டது. இவர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

எங்கள் ஊரில் மாடி வீடு என்றால் பால்கனியில் ஒரு கயிறு தொங்கும். நுனியில் கிளிப்பும் சின்ன மணியும் இருக்கும். பேப்பர், காய்கறி எல்லாம் அதில்தான் ஏறி வரும். நான் நாலு கார்ன் டாக்கையும் சாஸையும் பையில் போட்டு, கிளிப்பில் மாட்டி, கீழ்வீட்டு ஜன்னல்வரை இறக்கி மணியை ஆட்டினேன். ஒரு கை பையை வாங்கிக்கொண்டது.

"யாரைக் கேட்டு இறக்குன?" என்று இவர் கத்தும்போதே மணி அடித்தது. இழுத்தேன். கனத்தது. கிளிப்பில் பை இல்லை, ஒரு நீள எக்ஸ்டென்ஷன் வயரின் முனை!

"தங்கச்சி, நம்ம பேட்டரில போட்டிருக்கேன். டி.வி.யை மாட்டச் சொல்லு. மேட்ச் பாக்காட்டி அவன் செத்துருவான்!" என்று கீழேயிருந்து பாயின் குரல் கேட்டது.

இவருக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த நிமிஷம் பால்கனியில் எட்டிப் பார்த்து, "வயரை நீயே வச்சுக்கடா, நான் கீழ வர்றேன்!" என்று கத்திவிட்டு, மிச்சமிருந்த கார்ன் டாக் தட்டைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். "அமலே, சாஸு!" என்று பர்மியில் ஐயோ போட்டுக்கொண்டு நான் பின்னால் ஓடினேன்.

மேட்சில் தோற்றுப்போனோம். இரண்டு பேரும் சேர்ந்து ரெஃபரியைத் திட்டியது தெருமுனைவரை கேட்டிருக்கும். மோட்டார் சண்டை இன்றைக்கும் அவ்வப்போது வரத்தான் செய்கிறது. ஆனால் பால்கனி மணி அடித்தால் என்னை முந்திக்கொண்டு ஓடுகிறவர் அவர்தான். அதைப் பார்க்கும்போதெல்லாம், யார் முதலில் இறங்கி வருவது என்று இரண்டு மாதம் காத்துக்கிடந்ததற்குப் பதில், ஒரு கயிற்றைச் சண்டை வந்த அன்றைக்கே இறக்கியிருக்கலாமே என்று தோன்றும்.