மாஸ்டரின் ஒத்திகைப் பயணங்கள்

பேருந்து இருக்கையில் இன்ச் டேப்பை விரித்துப் பிடித்திருக்கிறார் மாஸ்டர். அகலம் பதினாறேகால். முழங்காலுக்கும் முன்சீட்டுக்கும் நடுவே எட்டு. எங்கே தன்னையும் அளந்துவிடுவாரோ என்று பக்கத்து ஆள் ஒதுங்கி உட்காருகிறார். எல்லாம் சின்னக் குறிப்பேட்டில் ஏறுகிறது. திங்கட்கிழமையிலிருந்து இது நான்காவது ஒத்திகை. இருக்கிற வேலைக்கு லீவு போட்டுவிட்டு, சேராத வேலைக்குத் தவறாமல் போய்வருகிற மனிதரை நீங்கள் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

சேராத வேலை, நகரத்தின் அந்தக் கோடியில் உள்ள ஆடைத் தொழிற்சாலையில் தலைமை கட்டிங் மாஸ்டர். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். இருக்கிற வேலையோ வீட்டுக்கு நேர் கீழே, தையல் கடையில். பதினான்கு படி இறங்கினால் போதும். மதியம் மேலே வந்து சாப்பிட்டு, அரைமணி கண்ணயர்ந்துவிட்டுத் திரும்ப இறங்கலாம். ராஜபோகம்தான். ஒரே குறை, வெட்டுவதற்கு அவருக்கு அங்கே துணி கிடையாது. முதலாளியின் மருமகன் ஆறுமாத வகுப்பு முடித்து வந்து கட்டிங் மேசையைப் பிடித்துக்கொண்டார். முப்பது வருடம் கோட்டு வெட்டிய கை இப்போது பேன்ட் நீளம் குறைக்கிறது. அதைப் பற்றி மாஸ்டர் மூச்சு விடுவதில்லை. கத்தரியை மட்டும் தினமும் எண்ணெய் போட்டுத் துடைத்து உறையில் வைக்கிறார். பார்க்கப் பாவமாக இருக்கும்.

"கத்தரி வெச்சாச்சுன்னா துணி திரும்ப ஒட்டாதுங்க. யோசிக்கணும்" என்பார், யாரும் கேட்காமலே. யோசனைக்கு உதவியாகக் கண்டக்டர், டீக்கடைக்காரர், பல் டாக்டர் என்று ஒருவர் பாக்கியில்லாமல் கருத்துக் கேட்டாயிற்று. பல் டாக்டரிடம் கேட்டபோது மாஸ்டர் வாயைத் திறந்து வைத்திருந்ததால் கேள்வியே சரியாக வெளியே வரவில்லை.

"சார், பேசாம பாஸ் எடுத்துடுங்க" என்கிறார் கண்டக்டர்.

"இன்னும் முடிவு பண்ணலையேப்பா."

தொழிற்சாலை வாசலில் காவலாளி இவரை மேலதிகாரி என்று நினைத்து எழுந்து நிற்கிறார். மாஸ்டர் மணி பார்த்துக் குறித்துக்கொண்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுகிறார்.

மாஸ்டரின் மனைவிக்கு ஒரு மருத்துவமனையில் ரசீது போடும் வேலை. அது நகரத்தின் இன்னொரு கோடி. பதினோரு வருடமாக இரண்டு பஸ் மாறிப் போய்வருகிறார். அதற்கு ஒத்திகை எதுவும் நடந்ததாகக் குறிப்பேட்டில் தகவல் இல்லை.

"இன்னிக்கு பாதி வழி நின்னுக்கிட்டே வந்தேன். கால் ரெண்டும் என்னுது இல்ல" என்று வியாழக்கிழமை மாலை மாஸ்டர் நாற்காலியில் சாய்ந்தார்.

"அடடா. எங்க ஆஸ்பத்திரில ஒரு பெட் சொல்லி வைக்கட்டுமா?" என்றபடி மனைவி சமையலறைக்குப் போனார். அவரும் அப்போதுதான் உள்ளே வந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை மனைவி வீடு திரும்பியபோது மணி ஐந்தரை. சாப்பாட்டு மேசை முழுக்கத் துணி. மாஸ்டர் சாக்கட்டியால் சதுரம் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

"பஸ் சீட்டுக்கு மெத்தை."

"அப்போ போறதுன்னு முடிவாயிடுச்சா?"

"மெத்தை எப்படி வருதுன்னு பாத்துட்டு சொல்லலாம்னு இருக்கேன்." பெருந்தன்மை பொங்க நிமிர்ந்தார். "துணி நிறைய இருக்கு. உனக்கும் ஒண்ணு போட்டுடறேன். உன் பஸ்ல சீட்டு அகலம் எவ்வளவு?"

மனைவி நிஜமாகவே யோசித்துப் பார்த்தார்.

"தெரியலையே. உக்காந்திருந்தாத்தானே தெரியும். மேல கம்பி எவ்வளவு உயரம்னு கேளுங்க, சொல்றேன்."

குத்திக் காட்டவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார். பையை ஆணியில் மாட்டிவிட்டு, வலது தோளைத் தேய்த்துக்கொண்டே முகம் கழுவப் போனார்.

மாஸ்டருக்கு வெட்கமாக இருந்தது. குறிப்பேட்டைப் புரட்டினார். நான்கு நாள், பதினெட்டுப் பக்கம். அதை மூடிவிட்டுத் தொழிற்சாலைக்குப் போன் போட்டார்.

"திங்கக்கிழமை வந்துடறேங்க."

அவ்வளவுதான் பேசினார். பிறகு ஆணியிலிருந்து மனைவியின் பையை எடுத்தார். அதன் வார் நைந்து கயிறாகியிருந்தது. அதை ஒரே ஒரு முறை அளந்துவிட்டு, மெத்தைத் துணியில் கத்தரியை வைத்தார்.