திட்ட விலக்கமும் வீட்டு விலக்கும்

குடும்பத்தலைவி உத்தியோகத்தில் லீவு கிடையாது. அதில் இருந்துகொண்டே மாணவி உத்தியோகமும் பார்த்தால் இரண்டு இடத்திலும் திட்டு விழும். நாற்பதைத் தாண்டிப் பரீட்சைக்குப் பணம் கட்டிய சகோதரிகளே, உங்களைத் தவிர யாரிடம் இதைச் சொல்ல?

எங்கள் போடியில் ஒரு ஏலக்காய் கம்பெனி. வந்து இறங்கும் மூட்டைகளில் மாதிரி எடுத்து, காயின் தரத்தைக் கணக்கிட்டு, வெளிநாட்டுக்கு ஆங்கிலத்தில் அறிக்கை எழுத ஆள் தேடினார்கள். என் கான்வென்ட் ஆங்கிலம் மேலாளர் அம்மாவுக்குப் பிடித்துப்போனது. "பயன்பாட்டுப் புள்ளியியல்ல ஒரு கோர்ஸ் மட்டும் பாஸ் பண்ணிட்டு வாங்க, சீட்டை வச்சிருக்கேன்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து எனக்கென்று யாரும் எதையும் பிடித்து வைத்ததில்லை. தேனியில் ஒரு கல்லூரியின் சனிக்கிழமை வகுப்பில் அந்த வாரமே சேர்ந்துவிட்டேன்.

எழுத்துப் பிழை

பேராசிரியருக்கு என் மகன் வயதைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். முதல் வகுப்பில் கரும்பலகையில் 'வேரியன்ஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதினார். ஓர் எழுத்து தப்பு. கன்னியாஸ்திரிகளிடம் பத்து வருஷம் படித்தவளுக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வராது. கையைத் தூக்கிச் சொல்லிவிட்டேன். வகுப்பே கொல்லென்று சிரித்தது.

அவர் அழித்துத் திருத்தி எழுதினார். அப்புறம் ஒரு கணக்கைப் போட்டு, நேராக என்னைப் பார்த்து விடை கேட்டார். எனக்குக் கேள்வியே புரியவில்லை. அதற்காகவே காத்திருந்தவர்போல, "உக்காருங்கம்மா. கான்வென்ட்ல உங்களுக்கு ஸ்பெல்லிங் மட்டும் குடுத்துட்டு, கணக்கை எங்களுக்குன்னு மிச்சம் வச்சிருக்காங்க" என்றார்.

வேனில் இடமில்லை

வீரபாண்டி அம்மன் கோயில் திருவிழாவுக்கு முந்தின நாள். கூடப் படிக்கும் பெண் போனில் பாடச் சந்தேகம் கேட்டாள். "எனக்கு இன்னைக்குத்தான் விலக்கம் ஆரம்பிச்சிருக்கு, முடிய மூணு நாளாகும் போல" என்றேன். நான் சொன்னது திட்ட விலக்கம். எண்கள் சராசரியை விட்டு எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று பார்க்கும் கணக்கு. கூடத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்த என் மாமியார் காதில் விழுந்தது வேறு விலக்கு.

மறுநாள் தீச்சட்டி எடுக்கக் குடும்பமே வேனில் ஏறியது. நானும் தலைக்குக் குளித்து, பட்டுச் சேலை கட்டி வந்து நின்றேன். அத்தை கதவை மறித்தார். அது கணக்கு, புத்தகத்தில் இருக்கிறது என்று பக்கத்தைத் திறந்தே காட்டினேன். வேனுக்குள் இருந்த என் வீட்டுக்காரர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுப்படிப் பக்கம் போகக் கூடாதாம், ஆனால் அவர்கள் திரும்பி வருவதற்குள் அழுக்குத்துணியைத் துவைத்துப் போடலாமாம். அத்தை முடிவாகச் சொன்னார்: "கணக்கோ கருமமோ, விலக்குன்னு வாயால சொல்லிட்டேல்ல? ஆத்தா என்ன ஒம்புஸ்தகத்தைப் படிச்சுட்டா ஒக்காந்திருக்கா?"

நல்ல குடும்பம்

வகுப்பில் ஆளுக்கொரு கணக்கெடுப்பு செய்யச் சொன்னார்கள். எங்கள் தெருப் பெண்கள் ஒரு நாளில் எவ்வளவு நேரம் வேலை செய்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். முதல் வீட்டுக்காரி ஒரு கையில் மாவாட்டிக்கொண்டே, மறு கையால் பேரனைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு என்னக்கா வேலை? சும்மாதேன் இருக்கேன்" என்றாள். சும்மா என்று குறித்துக்கொண்டால் என் கணக்கெடுப்பு அங்கேயே முடிந்துவிடும். ஆகவே வேலை என்று கேட்பதை விட்டுவிட்டு, எழுந்தது எப்போது, படுத்தது எப்போது, நடுவில் என்னென்ன என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கி எழுதினேன்.

பேராசிரியர் சிவப்பு மையை எடுத்தார். "பதினாறு மணி நேரமெல்லாம் யாரும்மா வேலை பாக்குறா? கூட்டத்துல சேராம தனியா நிக்கிற எண் இது, வெட்டிருங்க." அந்த எண்ணை வெட்டினால் அடுத்ததும் பதினாறு, அதற்கடுத்தது பதினைந்தரை. எல்லாரும் அப்படித்தான் சார் என்றேன். தாளை என் பக்கம் தள்ளினார். "எல்லாருமே அப்படின்னா நீங்க எடுத்த சாம்பிளே தப்பு. வேற நல்ல குடும்பமாப் பாத்துக் கேளுங்க."

மண்டப வாசல்

பரீட்சையன்று மண்டப வாசலில் நின்றேன். இதில் தவறினால் கம்பெனி காத்திருக்காது என்று தெரியும். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அன்று போனில் சந்தேகம் கேட்டாளே, அந்தப் பெண் பக்கத்தில் வந்து நின்று சமாதானம் சொன்னாள்: "பயப்படாதீக ஆன்ட்டி. நாங்க பெயிலானா வீட்ல மாப்பிள்ளை பாத்துருவாக. ஒங்களுக்கு என்ன, எல்லாம்தேன் ஏற்கனவே முடிஞ்சு போச்சே!"

பிடித்து வைத்த சீட்டு

பாஸ். அதுவும் முதல் வகுப்பில். மதிப்பெண் தாளை எடுத்துக்கொண்டு கம்பெனிக்கு ஓடினேன். மேலாளர் அம்மா அதைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "ஒங்க வீட்டுக்காரர் போன மாசமே வந்தாகளேம்மா. நீங்க வர்றதுக்கில்லைன்னு சொல்லி அவுக அக்கா மகனைச் சேத்துவிட்டுட்டுப் போனாக" என்றார். கண்ணாடிக் கதவுக்குள் அவன் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க அத்தை" என்றான். மரியாதை தெரிந்த பிள்ளை.

வீட்டுக்கு வந்து மதிப்பெண் தாளைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். வீட்டுக்காரர் அதன்மேல் ரசம் சிந்தாமல் ஓரமாக நகர்த்தினார். "சரி, நல்லாத்தேன் வாங்கியிருக்க. நீ பாஸாயிருவேன்னு நான் என்னத்தைக் கண்டேன்? அக்காட்ட வாக்குக் குடுத்துட்டேன், இனி எப்படிப் பேச? மோர் இருக்கா?"

நிகழ்தகவைத் தப்பாகக் கணித்தவர் அவர், அரியர் விழுந்தது எனக்கு.