யாருமே திரும்பி வராத மாதம்

2007-ஆம் ஆண்டு. விழுப்புரத்தில் ஒரு சின்ன தனியார் எலும்பு மருத்துவமனையில் வார்டு நர்ஸாக இருந்தேன். எங்கள் டாக்டருக்கு ஒரு பழக்கம். அடிபட்டு வந்து, குணமாகி வீட்டுக்குப் போனவர்களில், முப்பது நாளுக்குள் அதே காயத்துக்காக மறுபடி படுக்க வந்தவர்களைத் தனி நோட்டில் எழுதச் சொல்வார். பெயர் குறைந்தால் நம் வைத்தியம் சுத்தம், கூடினால் எங்கோ கோட்டை விட்டிருக்கிறோம் என்பது அவர் கணக்கு. அந்த நோட்டு என் பொறுப்பு.

அந்த மாதம் பக்கம் காலியாகவே இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். மற்ற நர்ஸுகள் என்னைக் கண்டாலே ஒதுங்க ஆரம்பித்தார்கள்.

அந்த ஞாயிறு திண்டிவனத்தில் பெரியம்மா மகள் கல்யாணம். பட்டுப்புடவையும் பூவுமாகக் காலை பஸ்ஸில் கிளம்பினேன். விக்கிரவாண்டியில் ஏறிய ஓர் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார். பார்த்தால் எங்கள் நோயாளியின் மனைவி! கூட்டேரிப்பட்டு பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடுகிற குடும்பம். டிராக்டர் கவிழ்ந்து அவர் கணவரின் கீழ்க்கால் எலும்பு உடைந்து வெளியே வந்துவிட்டது. பிளேட் வைத்து, தையல் பிரித்து, இரண்டு வாரத்துக்கு முன் நான்தான் வழியனுப்பினேன்.

அண்ணன் நடக்கிறாரா என்று பெருமையாகக் கேட்டேன். அக்கா மடியில் காய்ச்சல் மாத்திரைப் பொட்டலம் இருந்தது. தையல் பிரித்த இடத்தில் சீழ் வைத்து, கால் வீங்கி, மூன்று நாளாகக் காய்ச்சலாம். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கட்டுகிறார்களாம். ஏன் எங்களிடம் வரவில்லை என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

"நீங்கதான சிஸ்டர் சொன்னீங்க, இனிமே இந்த வாசப்படி மிதிக்கவே கூடாதுன்னு. அவ்ளோ நல்ல வாக்கு. அத்த நாங்களே கெடுத்துக்கினு எப்படி வர்றது?"

ஆஸ்பத்திரியை விட்டுப் போகிறவர்கள் 'போய் வருகிறேன்' என்று சொல்ல மாட்டார்கள். நாங்களும் 'திரும்ப வராதீங்க' என்றுதான் வாழ்த்துவோம். அது தப்பில்லை. சீழோ காய்ச்சலோ வந்தால் உடனே வரவும் என்று டிஸ்சார்ஜ் தாளில் எழுதியிருந்ததே, அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர்களுக்குப் படிக்கத் தெரியாது என்று தெரிந்தும் சொல்லவில்லை.

கூட்டேரிப்பட்டில் அக்காவோடு நானும் இறங்கிவிட்டேன். கல்யாணமாவது ஒன்றாவது! புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் ஓடினேன். என்னைக் கண்டதும் அண்ணன், "கிட்ட வராதீங்க சிஸ்டர், நாத்தம் அடிக்குது" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. காலைத் தொட்டால் கொதித்தது. தெருவில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த மினி வேனை மடக்கி, மூட்டைகளை இறக்கச் சொல்லி, அவரைப் படுக்க வைத்து விழுப்புரம் பறந்தோம். வழியிலேயே டாக்டருக்குப் போன் போட்டேன். நாங்கள் போய்ச் சேரும்போது ஆபரேஷன் தியேட்டர் தயாராக இருந்தது.

மத்தியானம் வெளியே வந்த டாக்டர், கால் தப்பித்தது, இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் முட்டிக்குக் கீழே எடுத்திருக்க வேண்டும் என்றார். அக்காவும் நானும் வராந்தாவிலேயே கட்டிப்பிடித்துக் குதித்தோம்.

மறுநாள் நோட்டில் அண்ணன் பெயரை எழுதியபோது திட்டு விழும் என்று காத்திருந்தேன். டாக்டர் பழைய பக்கங்களைப் புரட்டினார். "வராதவங்க எல்லாம் நல்லா இருக்காங்கன்னு நாமளா நெனச்சிக்கினு இருந்திருக்கோம்" என்றார். அன்றே விலாசங்களைத் தேடி எடுத்தோம். போன் இருந்தவர்களுக்குப் போன், இல்லாதவர்களுக்குக் கார்டு. ஒருவர் புதுச்சேரியில் ஏதோ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். இன்னொருவர் கட்டு வைத்தியரிடம் போயிருந்தார். அடுத்த மாதம் நோட்டில் பெயர்கள் ஏறின. எனக்கு அவமானமாகத்தான் இருந்தது, ஆனால் அது உண்மையான நோட்டு.

இன்றும், நான் அனுப்பி வைத்த ஒருவர் ஆறாத காயத்தோடு வந்து நின்றால் எங்கே தவறினோம் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஆனாலும் வீட்டிலேயே கிடக்காமல் எங்களை நம்பி வந்துவிட்டாரே என்று ஓடிப்போய் முதலில் அவர் கையைத்தான் பிடித்துக்கொள்கிறேன்.