சாவி குலுங்கும் ஓசை

அந்த மனநல மருத்துவமனையின் மூன்றாம் வார்டில் அவனுக்கு இரும்பு என்று பெயர். வைத்தவர்கள் நோயாளிகள். முரண்டு பிடிப்பவர்களை மடக்கிக் கட்டிலோடு கட்டுவது அவன் வேலை. அடி என்று யாரும் உத்தரவு போட்டதில்லை; அடிக்காதே என்றும் யாரும் சொன்னதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனையோ விலா எலும்புகள் முறிந்தன.

அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. கம்பிக்கதவைத் திறக்குமுன் இடுப்பிலிருக்கும் சாவிக்கொத்தை ஓங்கிக் குலுக்குவான். சொல்லாமல் கொள்ளாமல் போய் அடிப்பது அநியாயம் என்பது அவன் கட்சி. அடிக்கு முன்னறிவிப்புக் கொடுப்பதையே கருணை என்று நம்பியிருந்தான். இப்படிப்பட்ட கருணைகள் உலகில் அதிகம்.

அதிகம் அடிபட்டவர் ஒரு தையல்காரர். சாவி குலுங்கினால் கட்டிலுக்கடியில் ஒண்டிக்கொள்வார். இழுத்தால் கடிப்பார், கடித்தால் உதை. அங்கே சுவரில் தெறித்த ரத்தத்தின் மேல் திரும்பத் திரும்பச் சுண்ணாம்பு அடித்தார்கள். இரும்பின் சட்டைக் காலரைப் பிரித்துத் தைத்துக் கொடுத்தது அவர் கைதான். அந்தக் கையின் இரண்டு விரல்களை முறித்தது இரும்பின் பூட்ஸ்.

புதிதாக வந்த டாக்டரம்மா அடிக்குத் தடை போட்டார். மேலதிகாரியோ, தையல்காரர் இன்னொருமுறை யாரையாவது தாக்கினால் இருட்டறைதான் என்று சொல்லிவிட்டார். அங்கே போனவர்கள் பேச்சோடு திரும்பியதில்லை. அவரைத் தானாக வெளியே வந்து சாப்பிட வைக்கும் பொறுப்பு இரும்பின் தலையில் விழுந்தது.

மதியங்களில் சாப்பாட்டுக் கூடத்தில் டாக்டரம்மா ஊழியர்களுக்கு உளவியல் பாடம் எடுத்தார். மனம் என்றால் என்ன என்று தத்துவவாதிகள் நூற்றாண்டுக் கணக்கில் வாதாடியதையும், பிறகு சிலர் ஆய்வுக்கூடம் வைத்து, ஓசை கேட்டதிலிருந்து விரல் அசையும்வரை ஆகும் நேரத்தை அளந்ததையும் சொன்னார். அடுத்து ஒரு நாயின் கதை. தீனி வைக்குமுன் ஒவ்வொரு முறையும் ஓர் ஓசை எழுப்பினார்கள். நாளடைவில் தீனி இல்லாமலே, வெறும் ஓசைக்கே அதற்கு எச்சில் ஊறியது.

"இதுக்கு எதுக்கும்மா நாய்? நம்ம நெட்டையன் இருக்கானே, தட்டுச் சத்தம் கேட்டாலே வாயில தண்ணி ஊத்தும்" என்றான் இரும்பு.

நெட்டையன் அவனோடு வேலை பார்ப்பவன். விடுவானா? "உங்க சாவிச் சத்தம் கேட்டா வார்டுல அத்தனை பேருக்கும் எங்க தண்ணி போகுதுன்னு சொல்லட்டுமாண்ணே?"

கூடமே சிரித்தது. இரும்புக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் சாவிக்கொத்தைத் துண்டில் சுற்றி, பூனைபோல் உள்ளே போனான். தையல்காரர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தட்டை வைத்துவிட்டுத் தோளைத் தொட்டான். மனிதர் அலறிக்கொண்டு திரும்பினார். அவர் எடுத்து வீசிய தட்டின் விளிம்பு இரும்பின் மூக்கில் இறங்கியது. எலும்பு நொறுங்கும் சத்தம் அவனுக்கே கேட்டது. கீழே சாய்ந்தவனின் கட்டைவிரலில் பற்கள் எலும்புவரை பதிந்தன. நெட்டையன் தடியோடு ஓடிவந்தான்.

"தொடாதடா! யாராவது கேட்டா, நான் வழுக்கி விழுந்தேன்னு சொல்லு."

காயத்துக்குத் தையல் போட்ட டாக்டரம்மா விரலைத் திருப்பிப் பார்த்தார். "தரைக்குப் பல்லு முளைச்சிருக்கா?"

ஆனால் மேலதிகாரியிடம் அவரும் அதைச் சொல்லவில்லை.

"சாவி குலுங்கினா அடி. குலுங்காத நேரம் அவருக்கு நிம்மதி. இருந்தது அது ஒண்ணுதான். அதையும் பிடுங்கிட்டீங்க" என்றார் டாக்டரம்மா.

அதன்பிறகு முன்போலவே சாவியைக் குலுக்கினான், உள்ளே போனான், தட்டைத் தரையில் வைத்துவிட்டுச் சும்மா நின்றான். தட்டு பறந்து வந்தது. எச்சில் முகத்தில் வழிந்தது. ஒருநாள் நெற்றி கிழிந்தது. அதைவிட வேறொன்று அவனை உலுக்கியது. சாவி குலுங்கியதுமே, கோபமே வராமல், அவன் வலது கை தானாக முஷ்டியானது. நாய் கட்டிலுக்கு அடியில் மட்டும் இல்லை.

பல வாரங்கள் கழித்து ஒரு பகலில் தட்டு பறக்கவில்லை. கட்டிலுக்கடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"அடிக்கப் போறியா?"

"இல்லய்யா."

"அப்போ கைய ஏன் மூடி வச்சிருக்க?"

இரும்பு குனிந்து பார்த்தான். தன் கைதான். ஒவ்வொரு விரலாக, இடது கையால் பிரித்துத்தான் விரிக்க வேண்டியிருந்தது. விரித்த கையை அவருக்குத் தெரியும்படி தரையில் வைத்தான்.

கோணலாகக் கூடிய இரண்டு விரல்கள் வெளியே நீண்டு, தட்டை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டன.