நாற்பது ஆஸ்பத்திரி கார்டு

டை கட்டிய ஆள் வீட்டுக்கு வந்தால் எனக்குப் புத்தி வேலை செய்யாது. மணமேல்குடியின் சித்திரை வெயிலில் சட்டை முதுகோடு ஒட்ட நின்ற அந்தத் தம்பி, "சார் மாதிரி படிச்சவங்களுக்குத்தான் இதோட அருமை தெரியும்" என்றதும் மூவாயிரம் ரூபாயை எடுத்துக் கொடுத்துவிட்டேன். தங்க நிறத்தில் மருத்துவச் சலுகைக் கார்டு. நாற்பது ஆஸ்பத்திரிகளில் பாதிக் கட்டணமாம். தெருவில் ஐந்து வீடுகளுக்கு நானே சிபாரிசும் செய்தேன். தமிழ் வாத்தியார் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவர்களும் வாங்கினார்கள். மனைவி மட்டும், "இப்ப யாருக்கு என்ன நோவுன்னு இந்தக் கார்டு?" என்றாள்.

அடுத்த மாதமே எனக்குக் கடைவாய்ப் பல் வலித்து, கன்னம் பன்னாக வீங்கியது. பேச்சு வரவில்லை. மனைவியோடு புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். பட்டியலில் இருந்த முதல் முகவரியில் செல்போன் கடை. இரண்டாவது, கால்நடை மருத்துவர். எனக்கு முன்னால் ஒரு வெள்ளாடு காத்திருந்தது. டாக்டர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்கும் பல் பிடுங்கத் தெரியும் சார். ஆனா மாட்டுக்கு" என்றார். மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

மூன்றாவது நிஜமாகவே பல் டாக்டர். கட்டணம் முழுசு. "எங்களைக் கேக்காமலே எங்க பேரைப் போட்டிருக்காங்க. இந்த மாசம் நீங்க நாலாவது ஆளு" என்றார் வரவேற்பில் இருந்த பெண்.

"அதையே லெட்டர்பேடுல எழுதித் தாங்களேன்" என்றாள் மனைவி. அவரும் சந்தோஷமாக எழுதிக் கொடுத்தார்.

பல்லைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்ததும் மனைவி அந்தத் தம்பிக்குப் போன் போட்டாள்.

"மேடம், கார்டுக்குப் பின்னாடி பாருங்க. சலுகை ஆஸ்பத்திரியோட விருப்பம்னு போட்டிருக்கோம்."

இருந்தது. எறும்புகூடக் கண்ணாடி போட்டுத்தான் படிக்க வேண்டும்.

அன்று சாயங்காலமே கார்டு, ரசீது, அந்தக் கடிதம் எல்லாவற்றையும் நகலெடுத்து, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் புகார் எழுதினாள். வாயில் பஞ்சோடு ஒற்றுப்பிழை பார்த்தது மட்டும் என் பங்கு.

நோட்டீஸ் போனதும் தம்பி வந்தார். டை இல்லை. "அக்கா, இந்தாங்க ஒங்க பணம். கேஸை வாபஸ் வாங்கிக்கங்க."

"இங்கிட்டு ஒக்காருங்க. இந்தத் தெருவுல கார்டு வாங்குனது மொத்தம் ஆறு வீடு. மத்த அஞ்சு வீட்டுக்கும் குடுத்துட்டு வாங்க, பொறவு பேசுவோம்."

"சார்..." என்று என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

இரண்டு வாரத்தில் ஐந்து வீடுகளிலும் ஏறி இறங்கிக் கொடுத்து முடித்தார். ஒரு வீட்டில் மோரும் கிடைத்ததாம், திட்டும் கிடைத்ததாம். அதற்குப் பிறகுதான் மனைவி புகாரைத் திரும்பப் பெற்றாள்.

இப்போதெல்லாம் மிக்சி வாங்கினாலும் தெருக்காரர்கள் ரசீதோடு அவளிடம்தான் வருகிறார்கள். என்னைக் கண்டால், "சார், பல்லு எப்படியிருக்கு?" என்பதோடு சரி.