என் மகளை 1935-க்கு அனுப்பிவைத்த கதை

இன்று காலை பத்தரை மணிக்கு போன். என் மகளை உடனே 1935-லிருந்து அழைத்துக்கொண்டு போகச் சொன்னார்கள்!

(பதறாதீர்கள். கோபாலபுரம்தான்.)

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் மது, பத்து வயது. கையில் எது கிடைத்தாலும் பந்தாக எறிவாள். எங்கள் வீட்டு ஷோகேஸில் கண்ணாடி இல்லாததற்கு வேறு காரணம் கிடையாது.

சின்னவன் கவின், ஏழு வயது. பேருந்துப் பைத்தியம். லஸ் முனையில் நிறுத்தினால் எந்த வண்டி எங்கே போகும் என்று கண்டக்டரைவிட வேகமாகச் சொல்வான்.

லீவு விட்டதும் மது கேட்டது ஒன்றுதான்.

"அம்மா, நந்தனத்துல கிரிக்கெட் கோச்சிங். ப்ளீஸ்மா, இந்த வருஷம் மட்டும்."

"போன வருஷமும் இதத்தானே சொன்ன?"

"போன வருஷமும் நீ அனுப்பலையே!"

நியாயம்தான். ஆனால் அது காலை ஆறரை மணிக்கு. எனக்கு வீட்டிலிருந்து வேலை, ஒன்பதரைக்கு முதல் மீட்டிங். இரண்டு பிள்ளைகள், இரண்டு திசைகள், ஒரே ஒரு நான்!

அப்போதுதான் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் அந்த விளம்பரம் வந்தது.

"மெட்ராஸ் 1935! மொபைல் இல்லாத கோடை! அக்கா தம்பி சேர்ந்தே வரலாம்! ஒன்பது முதல் மூன்று வரை!"

கடைசி வரியை மட்டும் மூன்று முறை படித்தேன்.

படிவத்தில் 'குழந்தையின் ஆர்வங்கள்' என்று ஒரு கட்டம். கிரிக்கெட் என்று போட்டால் இடம் தர மாட்டார்களோ என்று பயம். மதுவுக்கு "கோலம், பூக் கட்டுதல், பாட்டு" என்று எழுதினேன். கவினுக்கு "பழங்கால வாகனங்கள்".

(கவினுடையது முழுப் பொய் இல்லை. எங்கள் தெரு வழியாக வரும் பேருந்தைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.)

இன்று முதல் நாள். மது எல்.கே.ஜி. போன காலத்திலிருந்து எங்களுக்கு ஆட்டோ ஓட்டும் ரஹீம் பாய்தான் வந்தார்.

"இன்னாம்மா, லீவு வுட்டும் ஸ்கூலா?"

"கேம்ப் பாய். அந்தக் காலத்து மெட்ராஸ் மாதிரி செட் போட்டிருக்காங்க. குடத்துல தண்ணி தூக்கறது, அம்மில அரைக்கறது எல்லாம் சொல்லித் தருவாங்க."

"எங்கூட்ல டெய்லி அதாம்மா நடந்துகினு கீது! லாரி வந்தா கொடத்த தூக்கினு ஓடணும். புள்ளைங்கள அங்க வுடுங்க, டீயும் சேர்த்துக் குடுக்கறேன்!"

நான் தெருவை வேடிக்கை பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு விட்டுவிட்டு வந்தேன். பத்தரைக்கு அந்த போன். மீட்டிங்கைப் பாதியில் விட்டுவிட்டு, அதே ஆட்டோவில் ஓடினேன்.

பழைய பங்களா. முற்றத்தில் அட்டையில் செய்த டிராம் வண்டி. அதில் காக்கித் தொப்பியோடு என் மகன் மணி அடித்துக்கொண்டிருந்தான். பிறந்ததிலிருந்து அவன் முகத்தில் இவ்வளவு ஒளியை நான் பார்த்ததில்லை!

மது ஒரு மூலையில் நின்றிருந்தாள். அவளுக்கு எதிரே உடைந்த மண்பானைகள்.

கட்டக் கொடுத்த மல்லிகை அத்தனையையும் வாழைநாரோடு சேர்த்துச் சுற்றிப் பந்தாக்கி, ஓடி வந்து வீசியிருக்கிறாள். மூன்று பானை அடுக்கு. ஒரே பந்து!

கேம்ப் நடத்தும் மேடம் கைத்தறிப் புடவையில், கையில் மொபைலோடு வந்தார். (மொபைல் இல்லாத கோடையை ரீல்ஸ் எடுக்க வேண்டுமே!)

"பூ கட்டறதுல ஆர்வம்னு நீங்கதானே மேடம் போட்டிருக்கீங்க? இங்க எல்லாமே அத்தென்டிக். அந்தக் காலத்துல கேர்ள்ஸ் முத்தத்துல பந்து வெளையாட மாட்டாங்க."

மது நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தக் காலத்துல கேர்ள்ஸ் கேம்ப் நடத்துவாங்களா மிஸ்?"

மேடம் மொபைலைக் கீழே இறக்கினார். டிராம் மணி மட்டும் டிங் டிங் என்றது.

பானைகளுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு அவளை அழைத்து வந்தேன். (கண்டக்டர் டூட்டி முடியாமல் இறங்க மறுத்துவிட்டார்!)

ஆட்டோவில் மது தன் சட்டையில் குத்தியிருந்த பேட்ஜைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

'மது. ஆர்வம்: கோலம், பூக் கட்டுதல், பாட்டு.'

"இது யாரும்மா?"

கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். வீடு மாறி வந்த பார்சலைக் காட்டிக் கேட்பதுபோல் கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். அந்தப் பெண்ணை எனக்கும் தெரியாது. ஒன்பது மணிக்கு விட்டால் மூன்று மணிவரை சத்தம் காட்டாமல் இருப்பாள் என்பதைத் தவிர, அவளைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது.

உண்மையை இங்கே சொல்லிவிடுகிறேன். ஆறரை மணி கோச்சிங் என் மீட்டிங்கை இடிக்கவே இல்லை. என் தூக்கத்தைத்தான் இடித்தது. இரண்டு வருடமாக அதற்கு மீட்டிங் என்று பெயர் வைத்திருந்தேன்.

"பாய், நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வர முடியுமா? நந்தனம்."

ரஹீம் பாய் கண்ணாடியில் பார்த்தார்.

"நா வந்துருவேம்மா. நீங்க எந்துருப்பீங்களா?"

மது சிரித்த சிரிப்பில் ஆட்டோவே குலுங்கியது!

நந்தனத்துப் படிவத்தை மதியம் அவளே நிரப்பினாள். ஆர்வம் என்ற கட்டத்தில் 'பௌலிங்' என்று எழுதி, மூன்று முறை அடிக்கோடு போட்டாள்.

பிறகு ஒரு தாளைக் கிழித்து எனக்கும் ஒரு பேட்ஜ் செய்தாள். நான் லேப்டாப்பில் மூழ்கியிருந்தபோது, சத்தமில்லாமல் என் துப்பட்டாவில் குத்திவிட்டுப் போய்விட்டாள்.

'பெயர்: அம்மா. வயது: சொல்ல மாட்டாங்க. ஆர்வம்: எங்களை எங்கயாவது அனுப்பறது.'

மாலை மீட்டிங்கில் எட்டுப் பேர் படித்து முடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது!

உங்கள் ஆர்வம் என்னவென்று உங்கள் பிள்ளைகளை எழுதச் சொன்னால் என்ன எழுதுவார்கள்? கேட்டுவிட்டு வந்து கமெண்டில் சொல்லுங்கள்.

(கேமராவை ஆன் செய்வதற்குமுன் துப்பட்டாவை ஒருமுறை பார்த்துக்கொள்ளவும்.)