மயில்துத்தம் குடித்த அவரை

மருதப்பனுக்குக் கஞ்சி போடத்தான் தெரியும். சங்கரன்கோவிலில் ஒரு தறிக்கூடத்தில் இருபத்திரண்டு வருசமாகப் பாவு நூலுக்குக் கஞ்சி காய்ச்சிப் போட்டுக்கொண்டிருந்த ஆள். எந்த நூலுக்கு எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதை விரலை விட்டுப் பார்த்தே சொல்லிவிடுவான். செடிகொடி விசயத்தில் ஆடுமாட்டுக்கு இருக்கிற அறிவு கூட அவனுக்குக் கிடையாது.

அவன் பெண்டாட்டி பேச்சித்தாய் அப்படியில்லை. வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்குப் பத்தடி இடம். அதில் ஒரு அவரைக்கொடியைப் பந்தல் முழுக்கப் படரவிட்டிருந்தாள். ஓரத்தில் நாலு வெண்டை, ரெண்டு மிளகாய்ச் செடி. பிள்ளை இல்லாத வீடு. விடிந்ததும் அவள் முதலில் போய் நிற்பது அந்தப் பந்தலடியில்தான்.

எழுபத்தொன்பதாம் வருசம், பொங்கல் முடிந்த வாரம். தறிக்கூடத்தில் ஒரு வாளிக் கஞ்சி மிச்சமாகிவிட்டது. கொட்ட மனசு வரவில்லை. பேச்சித்தாய் தினமும் கொடிக்கு வடிகஞ்சி ஊற்றுவதைப் பார்த்திருக்கிறான். அந்தத் தண்ணிக் கஞ்சிக்கே இப்படிக் காய்க்கிற கொடி, இந்தக் கெட்டிக் கஞ்சிக்கு எப்படிக் காய்க்கும் என்று ஒரு கணக்குப் போட்டான். வாளியைத் தூக்கிவந்து தூரில் கவிழ்த்தான். நூலில் பூசணம் பிடிக்காமல் இருக்க அந்தக் கஞ்சியில் மயில்துத்தம் என்கிற நீல விசம் கலந்திருந்தது. தினமும் தன் கையால் அள்ளிப் போடுகிறவனுக்கு அந்த நேரம் பார்த்து அது ஞாபகத்துக்கு வரவில்லை.

அஞ்சாம் நாள் கொடி துவண்டது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஆனாலும், "எவ கண்ணோ பட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டான். பேச்சித்தாய் அதை நம்பிக் கோயிலுக்குப் போய்ப் புற்றுமண் வாங்கிவந்து, தண்ணீரில் கரைத்துத் தூரில் ஊற்றினாள். மூன்று நாள் ஊற்றினாள். அவன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

நாலாம் நாள் அவள் மண்ணைக் கிளறிப் பார்த்தாள். காய்ந்த கஞ்சி நீலமாக ஆடை ஆடையாகப் பெயர்ந்து வந்தது.

"இது என்னது?"

அவன் கண் மூலையில் கிடந்த கஞ்சி வாளிக்குப் போயிற்று.

"நான் புத்துமண்ணக் கரைச்சு ஊத்தும்போது பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டுத்தான இருந்தீரு?"

"ஏட்டி, ஒரு கொடிக்கு இம்புட்டுக் கூப்பாடா? வெத போட்டா மொளைச்சிட்டுப் போகுது."

"அப்படியா? நீரு போட்டு மொளைக்க வையும், பாப்போம்."

மத்தியான பஸ்ஸில் பனவடலிசத்திரத்துக்கு, தம்பி தங்கசாமி வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு வாரத்தில் வந்துவிடுவாள் என்று இருந்தான். மாசி போயிற்று. பங்குனியில் கூப்பிடப் போனபோது தங்கசாமி காப்பி கொடுத்தான். அவள் வாசலுக்கு வந்து, "களத்துல வேலை கெடக்கு" என்றாள். போய்விட்டாள்.

வீடு என்றால் என்ன வீடு! கிளப்புக்கடையில் தின்றுவிட்டு வந்து படுக்கிற இடம். மாடக்குழியில் அவள் சீப்பு கிடந்தது. அதை எடுத்து உள்ளே வைக்கவும் கை வரவில்லை, அங்கேயே கிடப்பதைப் பார்க்கவும் முடியவில்லை. காலையில் கால் தானாகப் பின்பக்கம் போகும். செத்த கொடி பந்தலில் காய்ந்து தொங்கும். பார்த்துவிட்டு வேலைக்குப் போவான்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு எப்படியும் அவள் வருவாள். அந்த ஒரு நம்பிக்கைதான் அவனுக்கு. சுற்றுப்பட்டுச் சம்சாரிகள் எல்லாரும் அன்றைக்குத் தங்கள் காட்டில் விளைந்த பருத்தி, வத்தல், கம்பு என்று கொண்டுவந்து அம்மன் சப்பரத்தின் மேல் எறிந்து சூறை விடுவார்கள். பேச்சித்தாயும் வருசா வருசம் கைப்பிடி வெண்டைக்காயோடு கூட்டத்தில் முண்டியடித்து நிற்பாள். "பத்தடின்னாலும் எங்க காடும் காடுதான்" என்பாள். இந்தத் தபசுக்கு அவள் கையில் அதே குழியில் காய்த்த அவரைக்காயைக் கொடுத்துவிட வேண்டும் என்று மருதப்பன் நினைத்தான். நினைத்தது சித்திரையில்.

அடுத்த வீடு ஜெய்னப் வீடு. அவள் கை பட்டால் எதுவும் காய்க்கும் என்று தெருவில் பேர். மதிலுக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டு நின்றான்.

"என்ன அண்ணாச்சி, கோழியத் தேடுதீரா?"

"அவரை வெத வேணும், தங்கச்சி."

"பொரியலுக்கா?"

"போடுததுக்கு."

"எதுக்கு? கஞ்சி ஊத்தவா?" என்று ஜெய்னப் சிரித்தாள். தெருவுக்கே தெரிந்திருக்கிறது. அவன் நின்ற நிலையைப் பார்த்ததும் அவள் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "வெத தாரேன். மொதல்ல மண்ணக் காட்டும். கிடை போடுத நல்லகண்ணு சந்தைக்கு வருவாரு. அவரக் கூட்டிட்டு வாரும்."

நல்லகண்ணு மேலநீலிதநல்லூர்க்காரர். ஆட்டுக்கிடை போட்டே தலை நரைத்தவர். குழியருகே குந்தி, ஒரு கை மண்ணை அள்ளி மருதப்பன் மூக்கருகே நீட்டினார்.

"இத நீரு திம்பீரா?"

"நான் எதுக்குத் திங்கேன்?"

"அப்பம் கொடி மட்டும் எதுக்குவே திங்கணும்? முழங்கை ஆழம் தோண்டி அம்புட்டையும் வெளிய கொண்டு கொட்டும். குளத்துக் கரம்ப மண்ண அள்ளிட்டு வந்து நிரப்பும். கூட ஆட்டுப்புழுக்கை. புதுசு ஆகாது, சூடு, வெத வெந்துரும். மழையில நனைஞ்ச பழசா அள்ளும்."

"அன்னைக்கே வெத போட்டுறலாமா?"

"கஞ்சி காச்சுத புத்தி போகுதா பாரு! பதினஞ்சு நாள் ஆறப் போடும்வே."

பதினைந்து நாள் ஆறப் போட்டான். விதையோடு வந்த ஜெய்னப் அப்போதுதான் ஆடித்தபசு விசயத்தைக் கேட்டாள். கேட்டுவிட்டுக் கையை மூடிக்கொண்டாள். "ஆடிக்குக் காயா? இப்பம் போட்டா கொடிதான் வரும் அண்ணாச்சி. அவரை பனி கண்டுதான் பூக்கும். வெண்டையப் போடும்."

"அவரைதான் வேணும். கூடக் கொஞ்சம் கவனிச்சாப் பூக்காதா?"

தறியில் ரெண்டு மணி நேரம் கூடுதலாகப் போட்டால் நாலு கெஜம் துணி கூடுதலாக வரும். அப்படிப் பழகியவனிடம் அவள் என்ன சொல்லி என்ன? விதையைக் கொடுத்தாள். குழிக்கு மூன்று, ஒரு விரற்கடை ஆழம். மூன்றும் முளைத்தன. நோஞ்சானைப் பிடுங்கிவிடு என்று சொல்லிவிட்டுப் போனாள். நாலு நாளாகியும் அவன் பிடுங்கவில்லை. கடைசியில் அவளே மதிலேறிக் குதித்து வந்து பிடுங்கினாள். "பாவம் பாத்தா மத்த ரெண்டும் கெடும்."

வைகாசி, ஆனி முழுக்க வேறு நினைப்பில்லை. தறிக்கூடத்துக் கழிவு நூலைத் திரித்துக் கொடியைப் பந்தலில் ஏற்றினான். இலையில் பேன் பிடித்தபோது, ஈரம் காயும் முன் சாம்பல் தூவ ஜெய்னப் சொல்லிக்கொடுத்தாள். சாம்பலை வீசக் கூடாது, துணியில் முடிந்து தட்ட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. முதல் நாள் தலையெல்லாம் சாம்பலோடு வேலைக்குப் போய், "யாருவே, சாமியாரா?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லி மாளவில்லை. கொடி பந்தலை மூடி மதிலைத் தாண்டி ஜெய்னப் வீட்டு முருங்கையையும் பிடித்தது. ஒவ்வொரு கணுவாகத் தூக்கிப் பார்த்தான். ஒரு மொட்டு இல்லை.

தபசு அன்று காலை சந்தை முழுக்கச் சுற்றினான். வாங்கியாவது கொண்டுபோகலாம் என்று புத்தி போயிற்று. ஆடி மாதத்தில் அவரைக்காய் எவன் விற்கிறான்? வெறுங்கையோடு ரதவீதியில் போய் நின்றான். கூட்டத்துக்கு அந்தப் பக்கம் பேச்சித்தாய். தம்பி காட்டு வத்தலை மஞ்சப்பையில் வைத்திருந்தாள். கொஞ்சம் கறுத்திருந்தாள். அவள்தான் முதலில் கிட்ட வந்தாள்.

"கையில ஒண்ணும் இல்லையா?"

"கொடி நிக்கு. பூ வரல."

"என்ன கொடி?"

"அவரை."

"ஆடியிலயா?"

முகத்தைச் சட்டென்று திருப்பிக்கொண்டாள். சிரித்தாளோ, வேறு எதுவோ, அவனுக்குத் தெரியவில்லை. பைக்குள் கையை விட்டுப் பாதி வத்தலை அவன் கையில் போட்டாள். சப்பரம் வந்தது. ரெண்டு பேரும் எறிந்தார்கள். நெரிசலில் பிரியும்போது, "நுனியக் கிள்ளிவிடும். தண்ணியக் குறைச்சிரும், இல்லாட்டா எல விட்டுக்கிட்டே போகும்" என்றாள். அந்தி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

நுனியைக் கிள்ளினான். தண்ணீரைக் குறைத்தான். அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை. அதுதான் அவனுக்குப் பெரிய பாடாக இருந்தது. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. காலையில் பந்தலடியில் போய் நிற்பான். இருபது வருசம் அவள் இங்கே நின்று எதைப் பார்த்தாள் என்று அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது கேட்கத் தோன்றியது, கேட்க ஆள் இல்லை.

கார்த்திகைப் பனியில் ஒரு காலை, ஊதாவாக ஒரு கொத்து. அப்புறம் கொத்துக் கொத்தாக. முதல் காய்களைப் பறிக்க மனசில்லாமல் விட்டுவைத்து, மார்கழி பிறந்ததும் ஒரு பை நிறையப் பறித்துக்கொண்டு பனவடலிசத்திரத்துக்குப் பஸ் ஏறினான்.

அவள் தம்பி காட்டில் உளுந்து பிடுங்கிக்கொண்டிருந்தாள். வரப்பில் உட்கார்ந்து பையைப் பிரித்தாள். ஒரு காயை ஒடித்துப் பார்த்தாள்.

"நாரு ஏறிப்போச்சு. பத்து நாளைக்கு முன்னயே பறிச்சிருக்கணும்."

"நீ பாக்கணும்னு விட்டுவச்சேன்."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"ஜெய்னப்பு. மண்ணுக்கு நல்லகண்ணு." பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னான்: "நீ புத்துமண்ணு ஊத்தும்போதே நான் சொல்லிருக்கணும், பேச்சி. மூணு நாளும் வாய் வரைக்கும் வந்துது."

அவள் முற்றலைத் தனியாக, பிஞ்சைத் தனியாகப் பிரித்துக்கொண்டே இருந்தாள். பிரித்து முடித்துவிட்டு முந்தானையை உதறினாள்.

"முத்துனத வெதைக்கு வையும். உளுந்து எடுப்பு முடியட்டும்."

எத்தனை நாள் என்று அவன் கேட்கவில்லை. அவள் காட்டில் இறங்கிக் குனிந்துகொண்டாள். எதிரே பாதிக் காடு பிடுங்காமல் கிடந்தது. ஒன்றரை மணிக்குத்தான் பஸ். மருதப்பன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, கைக்கு எட்டிய செடியைப் பிடுங்க ஆரம்பித்தான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அங்கன இன்னும் பச்சையாக் கெடக்கு. இங்கன வாரும்."